நண்டு மேசையின் கால்கள்

நண்டு உடைக்கிற இடத்தில் சேர்ந்து எனக்கு இரண்டு வருடம். வாவி நண்டும் கடல் நண்டும் அங்கே வரும். அவித்துத் தருவார்கள். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துப் பெட்டியில் அடைக்க வேண்டும். நாங்கள் எட்டுப் பெண்கள். காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் நிற்க வேண்டும். மேசை நெஞ்சுக்குச் சற்றுக் கீழே.

அதற்கு முன்பு வெளிநாட்டில் வீட்டு வேலை. ஆறு வருடம். திரும்பி வந்தபோது இந்த வேலை கிடைத்தது. குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். இரவு என் பிள்ளைகளோடு இருந்து சோறு தின்னலாம். பிடித்துக்கொண்டேன்.

பிறகு கால் வீங்கியது. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாக எழும்பியது.

"நிண்டு செய்யிற வேலைய விடுங்கம்மா" என்றார் டொக்டர்.

தலையாட்டினேன். அடுத்த நாளும் போய் நின்றேன். விட்டால் மறுபடி பிளேன் ஏற வேண்டும்.

ஒரு நாள் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். இளம் பிள்ளை. கையில் ஒரு கட்டுத் தாள். டவுன் பெருகுகிறதாம். வருகிற அஞ்சு வருடத்தில் இந்தப் பக்கம் என்ன வேலை வரும், எத்தனை பேருக்கு வரும் என்று பார்க்கிறார்களாம். மனேஜரும் பக்கத்தில் நின்றார். நாங்கள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தோம்.

"இங்க வேலை எப்பிடி? குறை ஏதும் இரிக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல மகள்" என்றாள் எங்களில் மூத்தவள். "தேத்தண்ணிக்குச் சீனி காணுமா, இன்னும் போடவா?"

எல்லோரும் அப்படியே சொன்னோம். நானும் சொன்னேன். மனேஜருக்குப் பயந்து இல்லை. அவர் கெட்டவர் இல்லை. எங்கள் கையால் தேத்தண்ணி குடிக்கிற ஆளிடம் குறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

அதிகாரி எழுதினார். "அப்ப நல்ல வேலை எண்டு போடுறன். இதப்போல இன்னும் நாலு இடம் வரப் பாக்குது."

இதைப்போல நாலு இடம். நாலு இடத்திலும் பெண்கள் நிற்பார்கள். அதுவும் நான் சொன்னதை வைத்து.

"மகள், குந்துறதுக்குக் கதிர இல்ல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் நீளச் சட்டையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினேன்.

"என்னகா இது, ஆம்பிள நிக்கிறாரு!" மூத்தவள் என் கையில் அடித்தாள். மனேஜரை ஒருதரம் பார்த்தாள். பிறகு தன் சட்டையைத் தூக்கினாள். அவளுடைய கால் என்னுடையதைவிட மோசம்.

அதிகாரி எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார்.

அவர் போன பிறகு மனேஜர் வந்தார். "இத ஏன் முதலே என்னட்டச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே" என்றேன்.

இரண்டு கிழமையில் பிளாஸ்டிக் கதிரை வந்தது. குந்திப் பார்த்தோம். மேசை வாய்க்குக் கீழே, நாடி மட்டத்துக்கு வந்தது.

"ஆட்டுக்குத் தண்ணி வெச்ச மாதிரி இரிக்குகா" என்றாள் ஒருத்தி. சிரிப்பு அடங்கவில்லை.

மனேஜர் தலையைச் சொறிந்தார். "உசரக் கதிர கொழும்பிலயிருந்துதான் வரோணும்."

"மேசைக்கால வெட்டுங்க" என்றேன்.

அவர் குனிந்து மேசைக்காலைத் தட்டிப் பார்த்தார். மறுநாள் தச்சன் மரம் அறுக்கிற வாளோடு வந்தான். மேசைக்கு மேலேதான் தகடு, கால் மரம். ஒவ்வொரு காலிலும் ஒன்றரைச் சாண் போனது. வெட்டின துண்டுகளை மூத்தவள் விறகுக்குக் கொண்டுபோனாள்.

வீக்கம் பாதி வற்றிவிட்டது. நரம்பு அப்படியே கிடக்கிறது. கையுறை இன்னும் கிழிசல்தான். அதையும் கேட்போம்.

போன மாதம் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி வந்ததும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினாள். யாரையும் கேட்கவில்லை. நான் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டேன்.

என் பாஸ்போர்ட்டின் தவணை இந்த வருடம் முடிந்தது. புதுப்பிக்கப் போகவில்லை.