கருவிக்கு வைத்த கற்பூரம்

இந்த ஊரில் காலையில் குளிக்காமல் ஒருத்தரும் வெளியே இறங்குவதில்லை. நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் குளித்த தலையைத் துவட்டாமல், தேங்காயெண்ணெய் மினுங்க, நெற்றியில் ஈரச் சந்தனத்தோடு நேராக என் ஆய்வகத்துக்குள் வந்து நின்றால் நான் என்ன செய்வது? திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை வேதியியல் பிள்ளைகளுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு பொருளின் மூலக்கூறுகளை உடைத்து, துண்டு துண்டாக நிறை பார்த்து, அது இன்னதென்று காட்டிக்கொடுக்கும் கருவி அது. மோப்பம் பிடிப்பதில் எமகாதகன். எண்ணெய் விரல் குப்பியின் வாயில் பட்டால் போதும், திரையில் வந்து நிற்கும். “கையுறை போட்ட கையால் முடியைக் கோதாதீர்கள்” என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறேன். “நோக்காம் மிஸ்ஸே” என்று சிரிப்பார்கள். நோக்காம் என்றால் பார்க்கலாம். வர மனமில்லாதவர்கள் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு சொல்வார்களே, அந்தப் பார்க்கலாம்தான்.

எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். “டெமோ மதி டீச்சர். பிள்ளேரு தொட்டா கேடாவும்” என்பது அவர் பல்லவி. செய்துகாட்டினால் போதும், பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும். நான் ஒவ்வொரு முறையும் மல்லுக்கு நிற்பேன். நான் படித்த கல்லூரியில் இந்தக் கருவியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் வைத்திருந்தார்கள். பலகையில் படம் வரைந்தார்கள், நானும் அதையே பரீட்சையில் வரைந்து முதல் மார்க் வாங்கினேன். பிறகு வேலைக்குப் போன இடத்தில் முதல் நாளே ஊசியை வளைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் கூனிக்குறுகி நின்றேன். என் பிள்ளைகளுக்கு அந்த அவமானம் வேண்டாம். ஒரு மைக்ரோலிட்டரை அவரவர் கையால் இழுத்து, அவரவர் கையால் செலுத்த வேண்டும். கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். இன்னொரு முறை கருவி அழுக்கானால் பிள்ளைகள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதில் என் வாயும் சும்மா இருக்கவில்லை. நவராத்திரிக்கு முந்தைய வாரம் பிள்ளைகளோடு சாயா குடித்துக்கொண்டிருந்தேன். இங்கே பூஜை என்றால் முக்கியமாகப் புத்தகத்துக்குத்தான். சாமி முன்னால் அடுக்கிவிட்டு, விஜயதசமி வரைக்கும் ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது. படிக்காமலிருக்க ஆண்டவனே லீவு கொடுத்தால் யாருக்குக் கசக்கும்! நான் பேச்சுவாக்கில், கோவில்பட்டியில் அப்பாவின் லேத் பட்டறையைப் பற்றிச் சொன்னேன். ஆயுத பூஜையன்று லேத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்போம் என்றேன். எனக்கு அந்தப் புகையே ஆகாது, தும்மிக்கொண்டே தெருவுக்கு ஓடிவிடுவேன். அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பூஜை விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்தால், கருவியின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்! பக்கத்தில் ஒரு காலித் தட்டு. எனக்குப் பகீரென்றது. ஒன்றும் கலக்காத கரைப்பானைச் செலுத்திப் பார்த்தேன். வெறுமையாக இருக்க வேண்டிய திரையில் 95 என்ற நிறையில் ஒரு கோடு பனைமரமாக எழுந்து நின்றது. இன்ன பொருள் என்று கணினியே பெயரும் சொல்லிவிட்டது. கற்பூரம்.

“யாருடைய வேலை இது?” என்றேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளை ரம்யாதான் முன்னால் வந்தாள். அவள் தமிழில் பாதி மலையாளம்; கோபம் அவள் வாயில் தேஷ்யம், நினைவு ஓர்மை.

“தேஷ்யப்படாதீங்க மிஸ்ஸே. நாங்கதான் வச்சது. மிஸ் இங்க ஒத்தைக்கு இருக்கீங்கல்லே? ஊர் ஓர்மை வரட்டும்ன்னு கருதி...”

“ஹெக்ஸேன் உண்டல்லோ மிஸ்ஸே, அதுகொண்டு கத்திச்சில்லா” என்றாள் அஞ்சனா, பெருமையோடு. தீப்பிடிக்கும் கரைப்பான் இருக்கிறதே என்று கற்பூரத்தைக் கொளுத்தாமல் சும்மா வைத்தார்களாம்.

அட கடவுளே! ஏசி நிறுத்திப் பூட்டிய அறையில், லீவு முழுக்க, அது தட்டிலேயே ஆவியாகித் தீர்ந்து, திறந்திருந்த கரைப்பான் குப்பிக்குள்ளெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. திடப்பொருள் நேராக ஆவியாவதற்கு எடுத்துக்காட்டு கற்பூரம் என்று பள்ளிக்கூடத்திலேயே எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகள்தானே அத்தனை பேரும்! தலையில் அடித்துக்கொண்டேன். திட்ட வாயெடுத்தவள், காலித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். நான் ஒற்றைக்கு இருக்கிறேன் என்று இதுவரை இந்த ஊரில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். “ஆரா இது செய்தது?” ரம்யா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஞான் தன்னெ சார். எங்க ஊர் வழக்கம்.”

கோபப்படுவார், நம்பமாட்டார், குறுக்குக் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். தூசிக்கும் கைரேகைக்கும் ஊரைக் கூட்டுகிற நான், கருவிக்கு மேலே சந்தனம் அப்புவேனா? அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. “ஓ! டீச்சர் தமிழ்நாட்டுக்காரி அல்லே! அது ஞான் மறந்நு போயி” என்று சிரித்தார். மறந்தே போனாராம். கருவியைச் சுத்தம் செய்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடத்தை நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே வந்த நாளிலிருந்து நான் ஏங்கியது அதற்குத்தான். நான் வெளியூர்க்காரி என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரக் கூடாது. அது எப்போதோ நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. தெரிந்த அதே நிமிடத்தில் நானே போட்டு உடைத்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கரைப்பான்களை எல்லாம் கொட்டிவிட்டு, குழாயைச் சூடாக்கி, 95 அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

அத்தனை வருடமும் என்னிடம் மலையாளத்தில் மட்டுமே பேசிய மனிதர், மறுநாளிலிருந்து தமிழுக்கு மாறிவிட்டார். மரியாதைக்குத்தான். டிவியில் கேட்டுப் பழகிய தமிழ். “டீச்சர், சௌக்கியமா இருக்கா?” என்று வாசலில் நின்று கேட்கிறார். “சுகமாணு சார்” என்கிறேன். அவர் விடுவதாயில்லை, “ரொம்ப சந்தோஷம்” என்கிறார். நானும் விடாமல் மலையாளத்திலேயே பதில் சொல்கிறேன். கதவின் இரண்டு பக்கமும் நாங்கள் இப்படி நிற்க, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊசியோடு நடுவில் புகுந்து உள்ளே போகிறார்கள்.