வெறும் சொம்பு

பிகானேரிலிருந்து அப்பாவுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது, அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது ஒரு பெயின்ட் டப்பா. அதில் ஒரு வன்னிக் கன்று. எங்கள் பக்கம் கோயிலில் மட்டும் பார்த்துக் கும்பிட்ட மரம், அந்தப் பாலைவனத்தில் கேட்பாரற்று வளர்ந்து நின்றதில் அம்மாவுக்கு அப்படியோர் ஆச்சரியம். மழை எட்டிப்பார்க்காத மண்ணில் வேரை ஆழத்துக்கு இறக்கித் தண்ணீர் தேடிக்கொள்ளும். ஆட்டுத் தழைக்காகக் கிளைகளை மொட்டையடித்தாலும், கோடையில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் துளிர்க்கும். முள்ளும் உண்டு. ரயிலில் அந்த முள் என் முழங்காலைப் பதம் பார்த்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

பவானிபூர் வீட்டு மொட்டைமாடியில் அதை வைத்து, அம்மா தினமும் குளித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிச் சுற்றி வருவாள். சாமி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் எப்படி? வெயிலுக்கு அஞ்சாத கன்று முதல் மழைக்காலத்திலேயே மஞ்சளாகி இலை உதிர்த்தது. அம்மா பயந்துபோய் இரண்டு சொம்பாக ஊற்றினாள்.

அப்பா விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஒரே சேறு.

"வேர் அழுகுது. தண்ணியே இல்லாத ஊர்ல பொழைச்சத, நீ ஊத்தியே கொன்னுருவ போல."

அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, மணல் கலந்து நட்டாள். சுற்றுவதை மட்டும் விடவில்லை. வெறும் சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுச் சுற்றினாள். மழை வலுத்தால் குடையோடு மாடிக்கு ஓடுவாள், தனக்கில்லை, அதற்கு. மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் எதிர்மாடி வங்காளிப் பெரியம்மா "பாகோல்!" என்று தலையிலடித்துச் சிரிப்பார். பைத்தியம் என்றுதான் அர்த்தம். அந்த மழைக்காலங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அம்மா தொப்பலாக நனைந்திருப்பாள், மரம் நனையாமல் நிற்கும்.

கன்று பிழைத்துவிட்டது. இன்று பெரிய தொட்டியில் என் உயரத்துக்கு நிற்கிறது.

அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். இதே ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு வந்துவிடச் சொல்லி நான் நச்சரிக்காத நாளில்லை. போன ஞாயிறு பழம், மாத்திரை, சத்து மாவு, கூடவே சமையலுக்கு ஒரு பெண் என்று போய் நின்றேன். முழங்கால் வலியோடு அம்மா வன்னியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பும்மா. மாட்டேன்னா இந்தப் பொண்ணாவது கூட இருக்கட்டும். உன்ன இங்க விட்டுட்டு எனக்குத் தூக்கமே வரல."

அம்மா என் பைகளையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ வர்றது எனக்குச் சந்தோஷந்தான். அடுத்த வாட்டி வெறும் சொம்போட வா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, பைகளைக் கீழே வைத்து, அம்மாவின் பின்னால் நானும் ஒரு சுற்று சுற்றினேன். முள் இந்தத் தடவையும் என்னை விடவில்லை.