இரண்டே இருக்கை

கல்யாணப் பெண்ணைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவதில் சதாசிவத்துக்குப் பத்தொன்பது வருட அனுபவம். அவர் இறங்குவதில்தான் இப்போது சிக்கல்.

அத்தனை வருடமும் அவர் ஓட்டியது கூரையை மடக்கிவிடும் பழைய கார். பாலாடை நிறம், சோபா மாதிரி இருக்கை. கதவைத் திறந்து எழுந்து நின்றால் ஜொகூர் பாரு ஊரே திரும்பிப் பார்க்கும். குறையும் உண்டு. மழை வந்தால் கூரை பாதி வழியில் நின்றுகொள்ளும். வெயில் வந்தால் பெண்ணின் முகப்பூச்சு கழுத்துக்கு இறங்கிவிடும். அதனால் கல்யாணக் கார் வாடகைக் கடை முதலாளி விஜயேந்திரன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் போட்டார். ஏசி பனிக்கட்டி. சத்தம் புலி. இருக்கை மட்டும் தரையோடு தரை.

"அண்ணே, இது ஒங்களுக்கு ஒத்துவரலன்னா சொல்லிருங்க. வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றார் முதலாளி.

ஐம்பத்தெட்டு வயதில் யார் சொல்வார்? கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் பழகினார். முதலில் ஒரு கால், பிறகு தரையில் ஒரு கை, அப்புறம் குழந்தை தவழ்கிற மாதிரி ஒரு திருப்பம். எழுந்துவிடலாம்தான். ஆனால் வெள்ளைச் சீருடையோடு, நாதஸ்வரத்துக்கு முன்னால் தவழ முடியுமா?

கெலாங் பாத்தாவில் கோயில் வாசலில் கார் நின்றது. ஊரே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தது. சதாசிவம் ஒரு காலை வெளியே வைத்தார். மறு முழங்கால் வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

"அங்கிள், எறங்கலையா?" என்றாள் பக்கத்தில் இருந்த மணப்பெண் தர்மினி.

"இதோம்மா... ஒரு நிமிஷம்."

நிமிஷம் இரண்டானது. தர்மினி தானே கதவைத் திறந்து, பட்டுப்புடவையை அள்ளிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் சுற்றி வந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிடிங்க. ஒன்னு, ரெண்டு..."

நாதஸ்வரக்காரர் சிரிப்பில் ஊத மறந்தார். மூன்றில் சதாசிவம் எழுந்து நின்றார்.

"அலமாக்! இந்தக் காடிய யாரு அங்கிள் ஒங்க தலையில கட்டுனா?"

"நீங்கதாம்மா இதுதான் வேணும்னு கேட்டீங்க."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தாலி ஏறியது. புறப்படும்போதுதான் யாரும் எண்ணிப் பார்க்காத கணக்கு வெளியே வந்தது. இருக்கை இரண்டு, டிரைவரோடு ஆள் மூன்று. "நானே ஓட்டிக்கிறேனே" என்றான் மாப்பிள்ளை காளிதாஸ். டிரைவர் இல்லாமல் கார் தருவதில்லை என்பது கடைச் சட்டம். சதாசிவம் முதலாளியை அழைத்தார்.

"வீடியோ பாத்தேண்ணே" என்றார் விஜயேந்திரன். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "சாவிய மாப்பிள்ளகிட்ட குடுத்துருங்க. இனிமே எடுக்கிறவங்களே ஓட்டிக்கட்டும்."

"அப்ப நானு?"

"பழைய காடிக்கு புக்கிங் வந்தா கூப்பிடறேன் லா."

பழைய காரை ஐந்து மாதமாக யாரும் கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சாவியைக் கொடுத்தார். "தம்பி, வாசல் கேட்டுக்கிட்ட மேடு இருக்கு, காடியோட அடி தட்டும், மெதுவா..." என்று முடிப்பதற்குள் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. தட்டிய சத்தம் நன்றாகவே கேட்டது. என்ன ஆயிற்றோ என்று பார்க்க அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். அதைப் பார்க்க வேண்டிய ஆள் இனி தான் இல்லை என்பது உறைத்ததும், வைத்த காலோடு அங்கேயே நின்றுகொண்டார்.