முதலாளி ஏற்றிய வோல்டேஜ்

"இந்தப் புள்ளதான் செட்டிங்கத் தொட்டுப் பாழாக்கிருச்சு." இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் முதன்முதலாக வேலை பார்த்த ஸ்டூடியோவின் முதலாளி, கல்யாண வீட்டுக்காரர் முன்னால் என்னைக் காட்டிச் சொன்ன வார்த்தை இது. மேசைமேல் கணினி செத்துக் கிடந்தது. அவர்களுடைய வீடியோ வேலை பாதியில் நின்றிருந்தது. மணப்பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை.

அந்தச் செட்டிங்கைத் தொட்டவர் முதலாளிதான். வீடியோ சீக்கிரம் முடியவேண்டும் என்று ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டினார். கூட்டிய வேகம் தாங்காமல் அது அடிக்கடி நின்றது. நிற்காமல் இருக்க வோல்டேஜை ஏற்றினார். 1.2 வோல்ட் போதுமான இடத்தில் ஏற்றி ஏற்றி 1.45 வரை கொண்டுபோனார். "ரொம்பச் சுடுதுங்க முதலாளி" என்றேன். "நம்ம மலைக் குளிருக்கு ஒன்னும் ஆவாது" என்று சிரித்தார். குளிர் சூட்டைத்தான் தணிக்கும்; அளவுக்கு மீறிய வோல்டேஜ் ப்ராசஸரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். அன்று எனக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வேலை போனது. தோட்டத்து லய வீட்டில் அம்மா யாருக்கும் முகம் கொடுக்காமல் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்வந்தார்.

அந்த ஆத்திரத்தில்தான் படித்தேன். வோல்டேஜை இம்மி இம்மியாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் மெஷினுக்கு முழு வேலை கொடுத்துச் சோதித்து, அது நிற்காமல் ஓடும் மிகக் குறைந்த அளவில் விட்டுவிடக் கற்றுக்கொண்டேன். பிறகு அவருடைய வீதியிலேயே இடம் தேடி ரிப்பேர் கடை போட்டேன். வேண்டுமென்றேதான்.

போன கல்யாண சீசனில் அவர் வந்தார். பின்னால் ஓர் இளம்பெண் கணினியைச் சுமந்து வந்தாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். "அடிக்கடி நின்னுபோவுதும்மா. இந்தப் புள்ள எதையோ மாத்திருச்சு" என்றார். அவள் தலைகுனிந்தாள்.

மெஷினைப் போட்டேன். செட்டிங் திரைக்குப் போகப் பாஸ்வேர்ட் கேட்டது.

"பாஸ்வேர்ட அடி தங்கச்சி" என்றேன் அவளிடம்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. முதலாளிக்கு மட்டுந்தான் தெரியும்."

பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன். "நீங்களே அடிங்கண்ணே." முதலாளி என்று கூப்பிட நாக்கு வரவில்லை.

வேறு வழியில்லாமல் அடித்தார். திரை திறந்தது. அதே 1.45.

"இத யாரு வச்சதுண்ணே?" எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன். அவர் வாசல் பக்கம் பார்த்தார். மறுபடியும் கேட்டேன்.

"நான்தான்" என்றார்.

வேகத்தைக் குறைத்து, வோல்டேஜை இறக்கி, முழு வேலை கொடுத்துப் பார்த்தேன். நிற்காமல் ஓடியது. மெஷினை அவரிடம் தள்ளிவிட்டு, அவர் எதிரிலேயே அந்தப் பெண்ணிடம், "இங்க வேலைக்கு வர்றியா?" என்றேன். அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். "வர்றேங்க்கா" என்றாள். மழைத் தூறலில் அவரே கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சீசன் முழுக்க அவருக்கு எடிட் செய்ய ஆள் அகப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். "பாவம், அவர விட்டிருக்கலாம்" என்றார் அம்மா. நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். நல்ல பசி.