எண்பதில் விழ வேண்டிய சுவிட்சு

ராயபுரத்துச் சவரிநாதன் மறதிக்காரன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தம்பி இருதயத்தின் கை வெந்த நாள், கிழமை, அன்று பட்டறையில் நின்றவர்கள் பெயர், எல்லாம் மூன்று வருஷம் கழித்தும் மனுஷனுக்கு மனப்பாடம்.

கட்டுமரக்காரன் மகன். படகேறினால் வாந்தி எடுக்கிறான் என்று பதினாறு வயதிலேயே டைனமோ பழுது பார்க்கும் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே பழுது பார்த்ததைச் சோதிப்பதுதான் அவன் வேலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பீப்பாய் குழாய்த் தண்ணீர், ஒரு பிடி உப்பு, கயிற்றில் தொங்கும் இரண்டு இரும்புத் தகடு. தகட்டை இறக்க இறக்கக் கரண்டு ஏறும். அறுபது ஆம்பியரை டைனமோ அசராமல் தாங்க வேண்டும். எண்பதைத் தொட்டால் பலகையிலுள்ள சுவிட்சு தானே விழுந்து கரண்டை அறுக்க வேண்டும்.

அந்தச் சுவிட்சு சில நாள் ஐம்பதிலேயே விழுந்து தொலைக்கும். அதைத் திருத்த மேஸ்திரி உச்சிமாகாளிக்குப் பொறுமை ஏது? புளியங்கட்டையில் சின்ன ஆப்பு செதுக்கி, சுவிட்சு விழாதபடி இடுக்கில் செருகிவிடுவார். அறுபதைக் காட்டிவிட்டு, எண்பதில் விழுந்ததாகப் பார்க்காமலே எழுதிக்கொள்வார்.

ஆப்பு இருப்பது தெரியாமல் ஒருநாள், அதே பட்டறையில் வேலை பார்த்த இருதயம் தகட்டை இறக்கினான். நூறு தாண்டியும் சுவிட்சு விழவில்லை. பதறிப்போய், கையால் கரண்டை அறுக்கும் கைச்சுவிட்சை இழுத்தான். சீறிய நெருப்பு வலது கையைத் தின்றுவிட்டது. "குடிச்சிட்டு வந்து இழுத்துப்புட்டான்" என்று மேஸ்திரி முதலாளியிடம் கூசாமல் சத்தியம் பண்ணினார். தம்பிக்குக் கையும் போச்சு, வேலையும் போச்சு. உண்மையை அந்த வாயாலேயே கக்க வைக்காமல் விடுவதில்லை என்று சவரி அன்றே முடிவு செய்துவிட்டான்.

1931இல் துறைமுகத்து என்ஜினியர் துரை, ஒரு டைனமோவின் சோதனையைத் தானே பார்க்க வருவதாகச் சேதி வந்தது. சவரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. துரைக்கு அறுபதைக் காட்டவும் மேஸ்திரி ஆப்புதான் வைப்பார். குழாய்த் தண்ணீரில் கரண்டு எண்பதுக்கு மெல்லத்தான் ஏறும், அதற்குள் ஆப்பை உருவிவிடுவார். கடல் தண்ணீர் அந்த அவகாசம் கொடுக்காது. காலையிலேயே பீப்பாயைக் கவிழ்த்துக் கடல் தண்ணீரை நிரப்பி வைத்தான்.

மீட்டர் முள் அறுபதில் நின்றது. துரை தலையாட்டினார். மேஸ்திரி பலகைப் பக்கம் நகர்வதற்குள் சவரி கயிற்றை விட்டான். எண்பது, நூறு, நூற்றிருபது. பீப்பாய் கொதித்தது, ரப்பர் கருகி நாறியது. இறுகிப்போன ஆப்பு, மேஸ்திரி இழுத்தும் அசையவில்லை.

"தகட்டைத் தூக்குல!"

"கைச்சுவிட்ச இழு மேஸ்திரி. என் தம்பி இழுத்தானே." பத்து வருஷத்தில் முதல்முறையாக சவரி அவரை 'நீ' என்றான்.

மேஸ்திரியின் கை சுவிட்சுவரை போய்த் திரும்பிவிட்டது.

"பயமா கீதா? அப்போ துரை காதுல வுழற மாதிரி சொல்லு. அன்னிக்கி ஆப்பு வெச்சது யாரு? அவன் குட்ச்சிருந்தானா?"

"நாந்தாம்ல வச்சேன். அவன் குடிக்கல. தூக்குல, எல்லாரும் செத்துப்போவோம்."

சவரி நிதானமாகத் தூக்கினான். துரைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். மேஸ்திரிக்கு அன்றே சீட்டுக் கிழிந்தது. டைனமோவை எரித்ததற்குச் சவரிக்கும்தான். போனால் போகட்டும், மயிரே போச்சு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

இருதயம் இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். சவரி ஒன்று விடாமல் சொன்னான். தம்பி சிரிப்பான் என்று பார்த்தால், அவன் குவளையைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்போ அன்னிக்கி நான் மெய்யாலுமே குடிக்கலியா, அண்ணாத்தே? எல்லாரும் சொல்லச் சொல்ல, குட்ச்சிருப்பேன்னே நம்பிக்கினு இருந்தேன்."

அடப்பாவி, கயிற்றை அவ்வளவு சீக்கிரம் தூக்கிவிட்டேனே என்று சவரி தன்னையே திட்டிக்கொண்டான்.