மஞ்சள் பொட்டு

எங்கள் கார் வெடிக்க ஆரம்பித்த நாட்களில் நான் பார்க்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. விழ வேண்டியவர்கள் மேல்தான் விழுந்தேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அவருடைய முறை அடுத்தவருக்குப் போய்விடும். முறை தவறினால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். டயாலிசிஸ் முடிந்த கையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்ப அவரால் ஆகாது. அதனால் அவர் ஆசையாக வைத்திருந்து, உடம்பு நன்றாயிருந்தவரை தானே பழுது பார்த்த பழைய பெட்ரோல் காரை நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் தெருமுனை மெக்கானிக், பிளக்குக்கு நெருப்பு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாற்றினார். அன்றைக்குப் பிடித்தது சனியன். மேட்டில் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்ஸருக்குள் டமால் என்று வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் பக்கத்து சீட்டில் இருக்கிற மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். விக்கிரவாண்டி டீக்கடையில் நின்ற ஒருவன், “இன்னாம்மா, வெடி பலமா கீது, பொணம் எப்ப வருது?” என்று சிரித்தான். வண்டியை நிறுத்தி இறங்கப் போனேன். “வுடும்மா, டயமாவுது” என்று என் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தெருமுனைக்காரரிடமே திரும்பப் போனேன். எஞ்சின் முன்னால் சுற்றுகிற புல்லி மேல், பிளக்கில் நெருப்பு விழுகிற நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை அடித்துக் காட்டினார். புல்லியில் இருந்த மஞ்சள் புள்ளி ஒன்று, எஞ்சினில் பொருத்திய முள்ளுக்கு நேராகப் பளிச்சென்று நின்றது. “பாருக்கா, மார்க்கு கரெக்டா கீது. நீ கிளட்ச்ச மிதிச்சிக்கினே ஓட்டற, அதான்” என்றார். பொம்பளை ஓட்டினால் எல்லாத் தப்புக்கும் கிளட்ச்தான் காரணம். பல்லைக் கடித்துக்கொண்டு விழுப்புரத்தில் இன்னொருவரிடம் கொண்டுபோனேன். அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கை மாற்றினார், அதே லைட்டை அடித்து அதே மஞ்சள் புள்ளியைப் பார்த்துத் தலையாட்டினார். “பழசாயிடுச்சிம்மா. இனிமே இன்னா பண்ணாலும் இப்டித்தான் இருக்கும். தள்ளிவுட்டுடுங்க” என்றார். என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எஞ்சின் கொதித்து வண்டி நின்றேவிட்டது. அன்றைய முறை போயிற்று. மறுநாள் யார் யாரையோ கெஞ்சி இன்னொரு வண்டியில் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்து அழைத்து வந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னார்:

“வாணாம்மா. வண்டிக்கும் எனக்கும் காலம் ஆயிப்போச்சி. எத்தினி நாளைக்கி இழுத்துக்கினு அலைவ? வுட்டுடு.”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அது அவருடைய பேச்சே இல்லை, விழுப்புரத்துக்காரர் பேச்சு. தெரியாததை எல்லாம் வயசு மேல் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள் பேச்சு.

“எழுந்து வாங்க. ரெண்டு பேரும் அந்த மஞ்ச மார்க்கத்தான் நம்பனாங்க. அது சரியா தப்பான்னு எப்டி பாக்கறது? சொல்லுங்க, நான் செய்யறேன்” என்று கத்தினேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல, முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மறு கையில் ஸ்பேனரால் புல்லியைச் சுற்றினேன். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியது. “இப்ப ஓட்டையில ஸ்க்ரூ டிரைவர வுடு. மெதுவா சுத்து. மேல வந்து நிக்கும்” என்றார். வந்து நின்றது. பிஸ்டன் உச்சியில் இருந்தது. எட்டிப் பார்த்தால் மஞ்சள் புள்ளி இன்னும் முள்ளுக்கு வந்து சேரவில்லை, ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பின்னால் இருந்தது. முள்ளுக்கு நேராக வெறும் அழுக்கு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கீழே சின்னதாக ஒரு வெட்டு. அதுதான் உண்மையான மார்க். இத்தனை நாளும் பிஸ்டன் இறங்க ஆரம்பித்த பிறகு நெருப்பு விழுந்து, எரிந்து முடியாத பெட்ரோல் சைலன்ஸரில் போய் வெடித்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, அவர் சொன்ன இடத்தில் இறுக்கினேன். வண்டி பழைய குரலில் ஓடியது.

அப்படியே தெருமுனைக்கு ஓட்டிப்போய் பானெட்டைத் திறந்து, அந்த மஞ்சள் புள்ளி என்ன என்று கேட்டேன். குனிந்து பார்த்த மெக்கானிக்குக்கு முகம் விழுந்தது.

“ஆயுத பூஜைக்கி வச்ச பொட்டுக்கா அது. சந்தனம் வச்சா கழுவனா பூடுது. அதான் ஷெட்ல நின்ன வண்டி எஞ்சினுக்கெல்லாம் பெயிண்டுல வச்சேன். மறந்தே பூட்டேன்.”

தானே வைத்த பொட்டையே மார்க் என்று நம்பி, பாயிண்ட் மாற்றிய அன்று டைமிங் வைத்திருக்கிறார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். சாமி காரியம் என்று முனகினார். சாமியைக் குறுக்கே இழுக்காதே, ஒரு உயிர் போயிருக்கும் என்றேன். அவர் தின்னர் துணியோடு பொட்டைத் துடைக்க வந்தார். வண்டியைத் தொடவிடவில்லை.

அடுத்த முறை முண்டியம்பாக்கம் போகும்போது ஒரு சத்தமும் இல்லை. விக்கிரவாண்டி டீக்கடையைத் தாண்டியபோது நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவருடைய கை நெஞ்சுக்குப் போகவில்லை, மடியிலேயே கிடந்தது. திரும்பி வரும்போது தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்:

“சனிக்கெழம வரணும். பெட்ரோல் போட்டு வச்சிடு.”