பண்டிகையைக் கெடுத்த ஊழியக்காரம்மா

கிறிஸ்துமஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. திருவள்ளூரில் எங்கள் சிறிய ஆலயத்தின் பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வெள்ளையடிப்பதற்காக நாங்கள் ஐந்து பேர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த முனுசாமி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் எங்கள் சபைக்காரர் அல்ல. பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. ஒருகாலத்தில் இரும்பு மில்லில் வேலை பார்த்தவர்.

"சார், ஊழியக்காரம்மா பூட்டாங்க. இன்னிக்குக் காலைல. நாளைக்கு அடக்கம். உங்களாண்ட சொல்லிட்டு வரச்சொல்லி எஸ்தரு அனுப்பிச்சுது."

கையிலிருந்த கொத்துக்கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ரூத்தம்மாள் கும்மிடிப்பூண்டிச் சபையில் இருபது ஆண்டுகள் ஊழியக்காரம்மாவாக இருந்தவர். வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும், நோயாளிகளைப் பார்ப்பதும், பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. நான் அப்போது அங்கே சபைப் பள்ளியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவன். பதினொரு வருடம் ஒன்றாக ஊழியம் செய்தோம்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் சபைச் செயலாளர் பேசினார். "நம் அம்மா எப்போதும் சிரித்த முகம். கர்த்தருக்குள் சந்தோஷம் என்றால் என்ன என்று வாழ்ந்து காட்டியவர். யார் மனதையும் நோகச் செய்யாதவர்." கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவை வேலையைவிட்டு நீக்கிய கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கையில்தான் அன்று மலர்மாலை இருந்தது.

அவரை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மண்ணைப் போடுவதற்கு முன்பே அவர்மேல் ஒரு பொய்யைப் போட்டு மூடிவிட்டார்கள். ரூத்தம்மாள் எப்போதும் சிரித்த முகம் அல்ல. அவர் கோபக்காரர். எத்தனையோ பேர் மனதை நோகச் செய்திருக்கிறார். அதில் என் மனமும் ஒன்று. நோகவேண்டிய மனங்கள் அவை.

அறுபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர். விடாத மழையில் காலனி முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். குடும்பங்கள் எல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியிருந்தன. மதராசிலிருந்து காரில் ஒரு பிரசங்கியார் வந்தார். ஈரத்துணியோடு நின்றவர்களிடம் ஆளுக்கொரு துண்டுப்பிரதியைக் கொடுத்து, எந்த நிலையிலும் முகத்தில் சந்தோஷம் இருக்கவேண்டும், விசுவாசிக்கு அதுதான் அடையாளம் என்றார். கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ரூத்தம்மாள் அகப்பையோடு எழுந்து வந்தார்.

"ஐயா, இவங்க ஊடு மூழ்கிக் கெடக்குது. மொதல்ல தண்ணி வடியணும். நீங்க அந்தக் காரை எடுத்துக்கினு பொன்னேரிக்குப் போயி, தாசில்தாராண்ட கால்வாய வெட்டி உடச் சொல்லுங்க. சந்தோஷம் அப்பால தானா வரும்."

அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். பொன்னேரிக்கு அல்ல, மதராசுக்கு. அடுத்த நாள் ரூத்தம்மாளே ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கால்வாய் வெட்டப்பட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வீட்டு அடுப்புக்குள் கெண்டைமீன் ஒன்று துள்ளிக்கொண்டு கிடந்தது. "பாருங்கடி, பண்டிகைக் கொழம்புக்கு மீனு அடுப்புக்கே வந்துடுச்சு!" என்று சேற்றில் நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரிப்பு அப்படித்தான், காரணத்தோடு வரும். வந்தால் தெருவுக்கே கேட்கும்.

பாட்டும் அப்படியே. தொண்டை நல்ல கனமான தொண்டை, சுருதிதான் சேராது. ஒத்திகையில் ஒருமுறை பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "சுருதி உங்க பொட்டிலயே இருக்கட்டும் வாத்தியாரே, எனக்குப் பாட்டுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு இன்னும் உரக்கப் பாடினார்.

பண்டிகைக்கு முந்தின நான்கு வாரமும், கிறிஸ்துவின் வருகைக்காகச் சபை காத்திருக்கும் அந்தக் காலம் முழுக்க, அவர் கால் வீட்டில் தங்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "வர்றவருக்கு எடம் இருக்குதா?" கேட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். வசதியான நெல் விவசாயக் குடும்பம் ஒன்றில், ஜெபத்துக்காகக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, அதிரசம் எடுத்து வைத்திருந்தார்கள். காசநோய் கண்ட மருமகளைப் பின்னால் மாட்டுக்கொட்டாயில் படுக்கவைத்திருந்தார்கள். ரூத்தம்மாள் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். "அவரு வந்தா மொதல்ல இங்கதான் வருவாரு. ஜெபம் இங்கதான். வர்றவங்க வாங்க" என்றார். அந்த வீட்டுப் பெரியவர் பட்டுக்கரை வேட்டியோடு சாணத்தில் நின்று ஜெபித்ததை நான் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பண்டிகைக்குள் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அந்தப் பெரியவர் கடைசிவரை ரூத்தம்மாளோடு பேசவில்லை.

இனி, அவர் பண்டிகையைக் கெடுத்த கதையைச் சொல்கிறேன். செயலாளர் விட்டுவிட்ட கதை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் மில்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பழைய இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் மில் ஒன்றுக்குக் கூலியாட்களை அனுப்பும் கான்ட்ராக்டர் எங்கள் சபைச் செயலாளர்தான். காலனியைச் சேர்ந்த தேவதாஸ் அவர் அனுப்பிய ஆள். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை ஷிப்டில், பழுக்கக் காய்ந்த கம்பி உருளையைவிட்டுத் துள்ளி அவனை அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனான். அவன் மனைவி எஸ்தருக்கு அப்போது ஆறு மாதம்.

மாலைக்குள் ஒரு கதை ஊரெல்லாம் பரவியது. தேவதாஸுக்கு அன்று வேலையே இல்லையாம். குடித்துவிட்டு மில்லுக்குள் புகுந்து தானே விழுந்தானாம். செயலாளர் இதைப் போதகரிடம் சொன்னார். பண்டிகை நேரத்தில் சபைக்கு அவப்பெயர் வேண்டாம் என்று போதகர் சவத்தை ஆலயத்துக்குள் கொண்டுவர விடவில்லை. காலனி முனையில் நின்று ஐந்து நிமிடம் ஜெபித்துவிட்டுப் போய்விட்டார். எஸ்தர் அழக்கூட இல்லை. "அது குடிக்காதும்மா" என்று மட்டும் ரூத்தம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ரூத்தம்மாள் நான்கு நாள் மில் கேட்டில் போய் நின்றார், ஷிப்ட் விடும் நேரம் பார்த்து. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நான்காம் நாள் நின்றவர் முனுசாமி. என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

"காலைல என்னோடதான் டீ குட்ச்சான்மா. அவன் தண்ணி போடற ஆளே இல்ல. கம்பி துள்ளாம தடுக்கற தகடு ஒடஞ்சி ஒரு வாரம் ஆச்சு. கான்ட்ராக்டராண்ட சொன்னோம், கண்டுக்கல."

"இத எங்க சபைல வந்து சொல்லுவியா?"

"நானு உங்க சாமி கும்புடறவன் இல்லியேம்மா."

"நெசத்த சொல்றதுக்கு எந்த சாமி கும்புட்டா இன்னாப்பா?"

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு. ஆலயம் முழுக்க வண்ணக் காகிதத் தோரணம். போதகர் சந்தோஷத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து முடித்தார். துக்கத்தில் இருக்கும் குடும்பங்களுக்காக ஜெபிக்க ஒரு பட்டியல் வாசிப்பது வழக்கம். வாசித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ரூத்தம்மாள் எழுந்து நின்றார்.

"ஐயா, தேவதாஸ் பேரு உட்டுப்போச்சு."

முன்வரிசையிலிருந்து செயலாளர் திரும்பினார். "அம்மா, உட்காருங்க. பண்டிகை நேரம். சபையோட சந்தோஷத்தைக் கெடுக்காதீங்க."

"இன்னா சந்தோஷங்க அது, ஒரு பேரச் சொன்னா கெட்டுப்போறது? நாலு வாரமா காத்திருக்கணும், காத்திருக்கணும்னு பேசறோம். காத்திருக்கறதுன்னா இன்னான்னு இதோ குந்திக்கினு இருக்குதே, இந்தப் பொண்ணக் கேளுங்க. அது புருசன குடிகாரன்னு சொல்லி வெளியவே நிக்க வச்சிப் பொதச்சிட்டோம். கூட வேல செஞ்சவரு வந்துருக்காரு. அவரு சொல்றத கேட்டுட்டு அப்பால பாட்டுப் பாடுங்க."

வாசலில் நின்ற முனுசாமி ஓர் அடி உள்ளே வந்தார். "தேவதாஸு அன்னிக்கு வேலைலதான் இருந்தான். அந்தத் தகடு..." என்று ஆரம்பித்தார்.

போதகர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "எல்லோரும் எழுந்து பாடுவோம்."

நான் வாசித்தேன். கிறிஸ்து பிறப்பின் பாட்டு ஒன்றை, துருத்தியை முழுக்க அழுத்தி, எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாக வாசித்தேன். சபை எழுந்து பாடியது. முனுசாமியின் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. என் வேலையும் செயலாளரின் சபைக் கமிட்டி கையில்தான் இருந்தது. அதை ஒரு சமாதானமாக நான் சொல்லவரவில்லை. என்ன நடந்ததோ அதைச் சொல்கிறேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ரூத்தம்மாள் எஸ்தரின் கையைப் பிடித்தபடி எதிரே நின்றார். "நல்லா வாசிச்சீங்க வாத்தியாரே" என்றார். என்னை அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

கிறிஸ்துமஸ் அன்று அவர் ஆலயத்துக்கு வரவில்லை. காலனிக் குடும்பங்களில் பாதிப்பேர் வரவில்லை. எஸ்தர் வீட்டு வாசலில் கூடிப் பாடினார்களாம். ஜனவரியில் கமிட்டி கூடி, வயதாகிவிட்டது என்று அவரை ஊழியத்திலிருந்து நீக்கியது. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சபை கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஆரம்பாக்கத்தில் ஓர் அறைக்குப் போனார். முனுசாமிக்கும் மில் வேலை போயிற்று.

அதன் பிறகு இரண்டு வருடம், எஸ்தரையும் அவள் பெற்ற பெண்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, முனுசாமியோடு ரயிலேறி மதராசில் ஆபீஸ் ஆபீஸாகப் போனார். கடைசியில் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரித்து எழுதிக்கொடுத்தார்: தேவதாஸ் வேலையில் இருந்தபோதுதான் இறந்தான், பாதுகாப்புத் தகடு உடைந்திருந்தது. புதிதாக வந்த போதகர் அந்தக் காகிதத்தை ஆலயத்தில் வாசித்தார். அன்றைக்குச் செயலாளர் வரவில்லை. அடுத்த வாரம் வந்தார், செயலாளராகவே.

நான் அதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு திருவள்ளூர் வந்துவிட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. ஒரு டிசம்பர் பிற்பகலில் ஆரம்பாக்கம் போனேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டுத்தடுமாறி ஆரம்பித்ததும், "அது கெடக்கட்டும். எஸ்தர் ஊட்டுக்குக் கூரை மாத்திக்கினு இருக்காங்க. வந்து ஒரு கை குடுங்க" என்றார். சாயங்காலம்வரை ஏணியில் நின்று ஓலை எடுத்துக்கொடுத்தேன். இறங்கும்போது கேட்டேன், இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பண்டிகை கொண்டாடுகிறீர்கள் என்று.

"கோவம் வரலன்னாதான் வாத்தியாரே பயப்படணும். வர்றவரு நல்லவருன்னு நம்பறேன். அதான், அவரு வர்ற நேரத்துல ஊடு இப்புடிக் கெடக்குதேன்னு கோவம் வருது."

நம்பிக்கையைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இதற்குமேல் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எஸ்தர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இந்த டிசம்பரில் பார்க்கவேண்டிய வீடுகள், ரூத்தம்மாளின் கையெழுத்தில். பதினேழு பெயர்கள். பதினொன்றை அடித்திருந்தார். "மீதி கெடக்குது சார். நானு வேலைக்குப் போறவ. பண்டிகைக்குள்ள யாரு பாக்கறது?" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரி இருந்தது. 'மகன் ஓடிப்போனான். அழுவாள். அழட்டும்.' 'இவனிடம் சந்தோஷம் பற்றிப் பேசாதே. மருந்து கொண்டுபோ.'

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை அந்த ஆறு வீடுகளும், அவர் கோபத்தில் ஒரு பங்கும். செயலாளருக்கு அந்தச் சிரித்த முகம் இருக்கட்டும்.

நேற்று முதல் வீட்டுக்குப் போனேன். மில்லில் வலது கையைப் பறிகொடுத்தவர். இடது கையால் பாயை உதறி விரித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இத்தினி வருசமா எங்க இருந்தீங்க?"

பாயில் உட்கார்ந்தேன்.